பொறி எங்கே நின்றது?

நெய்யாறு கடலில் சேரும் பூவாறுக்குத் தெற்கே இருப்பது பொழியூர். நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடைசிக் கடற்கரை ஊர். அதைத் தாண்டினால் நீரோடி, அங்கிருந்து தமிழ்நாடு. இந்தக் கரையிலிருந்து வள்ளம் இறக்குவதென்றால் அலை உடையும் பகுதியை நேருக்கு நேர் கடந்தாக வேண்டும். இரண்டு பெரிய அலைகளுக்கு நடுவே கிடைக்கும் சிறு இடைவெளியில் எஞ்சின் முழு வேகத்தில் ஓட வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சின் நின்றுபோனால் வள்ளம் குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலை கவிழ்த்துவிடும். இடவப்பாதி மழைக்காலத்தில் அந்த அலைகள் எவ்வளவு உயரும் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனவே எஞ்சினுக்குள் பொறி விழுகிறதா இல்லையா என்பது இந்தக் கரையில் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

இந்தக் கடற்கரையில் கட்டுமரமும் துடுப்பும் பாயும்தான் நெடுங்காலம் இருந்தன. 1980களின் தொடக்கத்தில்தான் வள்ளத்தின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்ட் எஞ்சின்கள் இந்தப் பகுதியில் பரவலாக வந்தன. 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் 1984-ல் தொடங்கிய கேரள மீனவர் கூட்டுறவு இணையமான மத்ஸ்யஃபெட்டும் அந்த மாற்றத்தில் பெரும் பங்கு வகித்தன. குமரி மாவட்டத்து முட்டத்தில் கட்டப்பட்ட ஒட்டுப்பலகை வள்ளங்களும், பிறகு வந்த ஃபைபர் வள்ளங்களும் எஞ்சினுக்கு ஏற்ற உடலைத் தந்தன. ஜப்பானிலிருந்து வந்த 8, 9.9, 25 குதிரைத்திறன் எஞ்சின்கள் இன்றைக்கும் கரையில் ஓடுகின்றன. பெரும்பாலானவை பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள்.

இந்த எஞ்சின்களில் பலருக்கும் வியப்பளிக்கும் ஒரு விஷயம், பொறி உண்டாக்க பேட்டரியே தேவையில்லை என்பது. கயிற்றை இழுத்தால் ஃபிளைவீல் சுற்றும். அதன் விளிம்பின் உட்புறத்தில் காந்தங்கள் இருக்கின்றன. அவை கீழே நிலையாக இருக்கும் செம்புக் கம்பிச் சுருளைக் கடந்து போகும்போது சுருளுக்குள் மின்சாரம் எழுகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே விதிதான். சார்ஜ் காயில் எனப்படும் அந்தச் சுருள் நூறு வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். சிடிஐ என்று எல்லோரும் சொல்லும் கறுப்புப் பெட்டிக்குள் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீரை வாளியில் பிடித்துவைத்து ஒரே வீச்சில் கொட்டுவது போல அது மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே நொடிப்பில் விடுகிறது. எப்போது விடுவது என்பதைச் சொல்வது பல்சர் காயில் என்ற சின்னச் சுருள். விட்ட மின்சாரம் இக்னிஷன் காயிலின் முதல் சுற்றில் பாய, இரண்டாம் சுற்றில் அது பத்தாயிரக்கணக்கான வோல்ட்டாகப் பெருகி, தடித்த வயர் வழியாகப் பிளக்குக்குப் போய்ப் பொறியாகிறது.

எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடினால், டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 83 தடவை இது நடக்கிறது. ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 12 மில்லிவிநாடி. அதற்குள் கெப்பாசிட்டர் நிறைய வேண்டும், சரியான கணத்தில் காலியாக வேண்டும்.

இந்த வழியை மனதில் வரிசையாக வைத்துக்கொண்டால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும். காந்தம், சார்ஜ் காயில், சிடிஐ, இக்னிஷன் காயில், வயர், தொப்பி, பிளக். பழுது இந்தச் சங்கிலியின் ஏதாவது ஒரு கண்ணியிலோ, இரண்டு கண்ணிகள் சேரும் இடத்திலோதான் இருக்கும். கரையில் நடக்கும் பெரிய பணவிரயம் எதுவென்றால், வரிசைப்படி பார்க்காமல் "சிடிஐ போயிருக்கும்" என்று முடிவுகட்டி அந்தப் பெட்டியை வாங்கி மாட்டுவது. அதுவே விலை கூடிய பொருள். அதன் உட்புறம் பிசினில் புதைந்து அடைபட்டிருப்பதால் திறந்து பார்க்கவும் முடியாது. கண்ணுக்குத் தெரியாததன்மேல் பழியைப் போடுவது எளிதாகிவிடுகிறது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. பழுது கரண்டிலா, எண்ணெயிலா? எஞ்சின் நிற்கும் விதமே ஓரளவு சொல்லிவிடும். எண்ணெய் போகாமல் நிற்கும் எஞ்சின் இருமும், தடுமாறும், வேகம் கூடிக் குறைந்து மெல்ல அடங்கும். கரண்ட் அறுந்து நிற்கும் எஞ்சின் யாரோ சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நிற்கும். இது முழு உறுதி தரும் அடையாளம் அல்ல. டேங்கு மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்தால் அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு எஞ்சின் நிற்கும். சற்றுப் பொறுத்தால் மறுபடி கிளம்பும். சூட்டில் அறுந்துபோகும் காயிலும் இதே போலத்தான் நடந்துகொள்ளும். எனவே நின்ற உடனே, சூடு ஆறுவதற்குள், பொறி பார்க்க வேண்டும். அரை மணி கழித்துக் கரையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

அடுத்தது ஸ்டாப் சுவிட்ச். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பல எஞ்சின்கள் வீணாகப் பட்டறைக்குப் போகின்றன. வீட்டில் விளக்கை அணைக்க சுவிட்ச் இணைப்பைத் துண்டிக்கிறது. இங்கே அதற்கு நேர் எதிர். எஞ்சினை நிறுத்த சுவிட்ச் இணைப்பை உண்டாக்குகிறது. பொறிக்குப் போகவேண்டிய மின்சாரத்தை எர்த்தில் சேர்த்து வீணாக்குகிறது. எனவே சுவிட்ச் கெட்டால் எஞ்சின் ஓடவே ஓடாது என்பதுதான் வழக்கமான விளைவு. சுவிட்சுக்குள் கடல்நீர் புகுந்து இரு முனைகளுக்கும் பாலமாக நின்றாலே போதும். வயரின் தோல் உரசி உரிந்து எஞ்சின் உடலைத் தொட்டாலும் போதும். பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் சரியாக மாட்டாமல் இருந்தாலும் அதேதான். கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்த பிறகே கிளிப் நினைவுக்கு வருவது கடலில் சகஜம்.

சோதனை எளிது. சுவிட்சிலிருந்து வரும் வயரை அதன் இணைப்பில் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுங்கள். யமஹாவில் அது பெரும்பாலும் வெள்ளை வயர், கறுப்பு எர்த். கழற்றியதும் பொறி வந்தால் மற்ற எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன, குற்றவாளி சுவிட்சோ அதன் வயரோதான். நடுக்கடலில் இப்படியே ஓட்டிக் கரை சேரலாம். ஆனால் எஞ்சினை நிறுத்த இப்போது சுவிட்ச் இல்லை. சோக்கை இழுத்தோ எண்ணெயை அடைத்தோதான் நிறுத்த வேண்டும். ஆள் கடலில் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் காவலும் இல்லை. கரை வந்ததும் முதல் வேலையாகச் சுவிட்சை மாற்றிவிட வேண்டும்.

பொறி பார்க்கும் முறை எல்லோரும் அறிந்தது. பிளக்கைக் கழற்றி, தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சின் தலையோடு ஒட்டி வைத்துக் கயிற்றை இழுப்பது. பிளக் துளையிலிருந்து எண்ணெய் ஆவி பீறிடும் என்பதால் துளைக்கு அருகில் வைக்கக் கூடாது. பிளக்கின் உடல் எர்த்தைத் தொடாமல் தொங்கவிட்டு இழுக்கவும் கூடாது. போக வழியில்லாத மின்னழுத்தம் காயிலையும் சிடிஐ-யையும் உடைத்துவிடும்.

ஆனால் வெளியே பொறி தெரிந்தால் உள்ளேயும் விழும் என்பது தவறான முடிவு. சாதாரண காற்றில் 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட சில ஆயிரம் வோல்ட் போதும். காற்றை அழுத்த அழுத்த, பொறி தாண்டுவதற்கு வேண்டிய வோல்ட் கூடிக்கொண்டே போகும். ஃபிரெட்ரிக் பாஷன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1889-லேயே இதை அளந்து காட்டினார். சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்திய வாயுவில் பொறி விழ, வெளியே வேண்டியதைப் போலப் பல மடங்கு வோல்ட் தேவை. நொந்துபோன காயில் வெளியே அழகாகப் பொறிகாட்டும், உள்ளே கைவிடும். இதனால்தான் அகலமான இடைவெளியைத் திருகி வைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் வந்தது. அழுத்தத்துக்குப் பதில் தூரம். 7, 8 மில்லிமீட்டரைத் தாண்டி நீலப் பொறி படபடவென்று விழுந்தால் நம்பலாம். மஞ்சளாக, விட்டுவிட்டு, மெலிந்து விழுந்தால் நம்பக் கூடாது.

மண்ணெண்ணெய் இந்தக் கதையில் தனிப் பாத்திரம். பெட்ரோலைவிட அது மிக மெதுவாக ஆவியாகும். சூடு போதாத சிலிண்டரில் முழுதும் எரியாமல் கரியாகப் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி இடைவெளியைத் தாண்டவேண்டிய மின்சாரம் கரிப் பூச்சு வழியாகவே எர்த்துக்கு நழுவிவிடும். பழைய பிளாட்டினம் பாயிண்ட் முறையைவிட சிடிஐ இங்கே மேலானது. அதில் வோல்ட் சில மைக்ரோவிநாடிகளில் உச்சத்துக்கு ஏறிவிடுவதால், கரி வழியாகக் கசிய நேரம் கிடைப்பதற்கு முன்பே பொறி தாண்டிவிடுகிறது. அதற்கும் ஒரு எல்லை உண்டு. நிறுத்துவதற்கு முன் சிறிது நேரம் பெட்ரோலில் ஓட்டி, கார்புரேட்டரிலுள்ள மண்ணெண்ணெயை எரித்துத் தீர்க்கச் சொல்லும் மூத்தவர்களின் வழக்கம் சரியான அறிவியல். மறுநாள் காலை எஞ்சின் கிளம்புவதும் பிளக் கரியாகாமல் இருப்பதும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது.

பிளக்கும் சுவிட்சும் சரி, பொறி மட்டும் இல்லை என்றால் மல்டிமீட்டர் வெளியே வரவேண்டும். ஒவ்வொரு காயிலுக்கும் எஞ்சின் கையேட்டில் ஓம் கணக்கு தரப்பட்டிருக்கும். இக்னிஷன் காயிலின் முதல் சுற்று பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் குறைவு. இரண்டாம் சுற்று சில ஆயிரம் ஓம். ஒரு ஓமுக்குக் கீழே அளக்கும்போது மீட்டரின் வயர்களே அரை ஓம் வரை காட்டக்கூடும். இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். சூடும் கணக்கில் வரும். செம்பின் தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுகிறது. 20 டிகிரியில் அளந்த காயிலை 60 டிகிரியில் அளந்தால் 16 சதவீதம் கூடுதலாகக் காட்டும், அது பழுதல்ல. ஆனால் குளிர்ந்திருக்கும்போது சரியான எண்ணும், சூடானதும் எல்லையற்ற தடையும் காட்டினால் உள்ளே கம்பியில் மயிரிழை முறிவு இருக்கிறது. செம்பும் அதைச் சுற்றிய பிசினும் வெவ்வேறு அளவில் விரிவதால் சூட்டில் முறிவு வாய் திறக்கிறது, ஆறியதும் மூடிக்கொள்கிறது. கடலில் நின்று கரையில் ஓடும் எஞ்சினின் ரகசியம் பல நேரம் இதுதான்.

ஓம் சரியாக இருந்தும் காயில் கெட்டிருக்கலாம். மீட்டர் அளப்பது ஒன்றரை அல்லது ஒன்பது வோல்ட் பேட்டரியின் சின்ன மின்சாரத்தில். காயில் வேலை செய்வது நூற்றுக்கணக்கான வோல்ட்டில். அதற்கு உச்ச வோல்ட் அடாப்டர் என்ற சிறு கருவி வேண்டும். மல்டிமீட்டரில் செருகிக் கயிற்றை இழுத்தால் துடிப்பின் உச்சத்தைப் பிடித்துவைத்துக் காட்டும். சார்ஜ் காயிலும் பல்சர் காயிலும் தரவேண்டிய உச்ச வோல்ட்டைத் தருகின்றன, ஸ்டாப் வயரைக் கழற்றியாயிற்று, எர்த் சுத்தம், இக்னிஷன் காயிலும் சரி, அப்படியும் சிடிஐ-யிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை. இவ்வளவுக்கும் பிறகுதான் சிடிஐ மேல் கைவைக்க வேண்டும்.

என் பார்வையில் இதையெல்லாம்விட முக்கியமானது உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. குடிநீரைவிட நூறு மடங்குக்குக் குறையாமல் மின்சாரத்தைக் கடத்தும். நீர் காய்ந்ததும் தொல்லை தீர்ந்தது என்று நினைப்போம். தீரவில்லை. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது நம் கரையில் அது காய்வதே இல்லை. பகலில் வெயிலில் ஓடிய எஞ்சின் விடிகாலையில் கிளம்ப மறுப்பதற்கு இது ஒரு காரணம். பிளக் தொப்பியிலும் தடித்த வயரிலும் படிந்த உப்பு இரவின் ஈரத்தில் நனைந்து மின்சாரத்துக்குக் குறுக்குவழி போடுகிறது. இருட்டில் மூடியைத் திறந்து வைத்துக் கயிற்றை இழுத்தால், தொப்பியிலிருந்து எஞ்சின் உடலுக்கு மெல்லிய நீலக் கோடு ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பகலில் அது தெரியாது. தொப்பியை மாற்றினால் தீர்ந்தது.

வயர் இணைப்புகளை ஒன்றொன்றாகக் கழற்றிப் பாருங்கள். வெளி ரப்பர் புதிதாகத் தெரியும். உள்ளே பித்தளை முனை பச்சைப் பொடி பூத்திருக்கும். அந்த வயரின் தோலை ஒரு விரற்கடை சீவினால், பளபளக்கவேண்டிய செம்பு கறுத்திருக்கும். இன்னும் சீவினால் இன்னும் கறுப்பு. இழைகளுக்கு நடுவேயுள்ள சந்து வழியாக உப்புநீர் மேலேறியிருக்கிறது. அப்படிப்பட்ட வயரின் முனையை மட்டும் வெட்டி மறுபடி முறுக்கி டேப் சுற்றுவது சில நாளுக்குத்தான் தாங்கும். நல்ல செம்பு வரும் வரை வெட்ட வேண்டும், இல்லையேல் வயரையே மாற்ற வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கடலுக்கு ஏற்றது. எர்த் வயர் எஞ்சினின் அலுமினிய உடலில் திருகப்பட்ட இடம் இன்னும் மோசம். செம்பும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் சின்ன பேட்டரியாகிவிடும்; அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி மின்சாரத்தைக் கடத்தாது. திருகைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்க ஐந்து நிமிடம் ஆகும்.

இதே பழுது பேட்டரிப் பக்கத்தில் எப்படி ஆளைக் கொல்லும் என்பதற்கு வயர்லெஸ் ஒன்றே போதும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் பொழியூரிலும் விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் தூத்தூர் கரையிலும் எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்பதை யாரும் மறக்கவில்லை. அதன்பிறகு கடலில் செய்தி பெறும் நாவிக் கருவிகள் கேரளத்தில் மீனவர்களுக்குத் தரப்பட்டன. விஎச்எஃப் வயர்லெஸ், ஜிபிஎஸ், எல்இடி விளக்கு என்று பலதும் ஒரு 12 வோல்ட் பேட்டரியை நம்பியே இருக்கின்றன. பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட், வயர்லெஸில் மற்றவர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. எல்லாம் சரி என்றே தோன்றும். ஆபத்தில் 16-ஆம் சேனலில் பேசப் பொத்தானை அழுத்தினால் கருவி அணைந்துவிடுகிறது. ஏன்? கேட்பதற்கு அரை ஆம்பியர் கூட வேண்டாம். 25 வாட்டில் பேசுவதற்கு ஐந்தரை ஆம்பியர் வேண்டும். பச்சை பூத்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால், கேட்கும்போது இழப்பு கால் வோல்ட்டுக்குள், பேசும்போது 2.75 வோல்ட். கருவிக்கு மிஞ்சுவது 9.7-க்கும் கீழே. பளு இல்லாமல் அளந்த வோல்ட்டை நம்பக் கூடாது. கடலுக்குப் போகுமுன் பேசும் பொத்தானை அழுத்தியபடி, கருவியின் முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வழியில் எங்கோ உப்பு உட்கார்ந்திருக்கிறது, அல்லது பேட்டரி ஓய்ந்திருக்கிறது. எஞ்சினிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வள்ளங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓடும் எஞ்சினிலிருந்து பேட்டரி வயர் கழன்றால் வோல்ட் தறிகெட்டு ஏறி ரெக்டிஃபையரை எரித்துவிடும்.

அலையில் கவிழ்ந்து எஞ்சின் மூழ்கினால் பதற்றத்தில் அதை வெயிலில் காயவைப்பது வழக்கம். அது செய்யக் கூடாதது. காற்றும் உப்பும் சேர்ந்ததும் துரு தொடங்கிவிடும். நல்ல தண்ணீரால் உடனே கழுவி, பிளக்கைக் கழற்றிச் சிலிண்டர் நீரை வெளியேற்றி, மசகு எண்ணெய் விட்டு, இணைப்புகளைத் துடைத்து, அன்றைக்கே கிளப்ப வேண்டும். மெக்கானிக் வர நேரமாகுமென்றால் எஞ்சினை நல்ல தண்ணீரிலேயே மூழ்கவைத்திருப்பது மேல். கழுவப் பொழிமுகத் தண்ணீர் உதவாது. பூவாறில் ஆற்றோடு கடல் கலந்தே நிற்கிறது. கிணற்று நீரோ குழாய் நீரோ வேண்டும்.

மீன்பிடி சங்கங்களின் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூவாறு, பொழியூர், நீரோடி என்று எஞ்சின்கள் இறங்கும் ஒவ்வொரு கரையிலும் ஒரு மல்டிமீட்டர், ஒரு உச்ச வோல்ட் அடாப்டர், ஒரு ஸ்பார்க் டெஸ்டர், அங்கே ஓடும் எஞ்சின்களின் கையேடு இவை பொதுவில் இருக்கட்டும். இவை எல்லாம் சேர்ந்தாலும் தவறாக வாங்கிய சில சிடிஐ பெட்டிகளின் விலைக்கு மேல் போகாது. அவற்றைக் கையாள ஊரின் இளைஞர் இருவருக்குப் பயிற்சி கொடுங்கள். வள்ளக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு புதுப் பிளக், பிளக் ஸ்பானர், ஸ்டாப் சுவிட்ச் கிளிப் இன்னொன்று, இவற்றை ஈரம் புகாத டப்பாவில் அடைத்து எஞ்சினோடு வைத்துக்கொள்ளுங்கள்.